டிட்டிகாக்காவுக்குப் போன இரண்டு பேர்

(பொது அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1910-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு கனமான நூல் வெளிவந்தது. 'டிட்டிகாக்கா, கோவாத்தி தீவுகள்' என்பது அதன் தலைப்பு. வெளியிட்டது அமெரிக்க ஹிஸ்பானிக் கழகம். ஆண்டிஸ் மலைமேல் இருக்கும் ஓர் ஏரி, அதன் நடுவே இரண்டு தீவுகள், அங்குள்ள இடிபாடுகள், கல்லறைகள், மக்கள், அவர்களுடைய வழிபாடுகள் எல்லாம் அதில் உண்டு. அந்தத் தீவுகளை ஆராய வருகிறவர்கள் இன்றைக்கும் அந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. ஆசிரியர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகியிருக்கிறது: அடால்ஃப் பாண்டெலியர்.

ஆனால் அந்தத் தீவுகளுக்குப் போனவர்கள் இரண்டு பேர். இன்றைய பேச்சு அந்த இருவரையும் அவர்கள் போன ஏரியையும் பற்றியது.

அடால்ஃப் பாண்டெலியர் 1840-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. நாற்பது வயதுவரை ஊரில் வரவு செலவும் வங்கிக் கணக்கும் பார்த்தவர், அதன் பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நியூ மெக்சிகோவின் பாழடைந்த குகை வீடுகளையும் பழங்குடி ஊர்களையும் தேடிக் கால்நடையாக அலைந்தார். 1892-ல் ஹென்றி வில்லார்ட் என்ற ரயில்வே முதலாளி பணம் கொடுத்து அவரைப் பெரு நாட்டுக்கு அனுப்பினார். கூடவே போன முதல் மனைவி, லிமாவுக்குப் போன சில மாதங்களிலேயே இறந்துபோனார்.

லிமாவில் அவர் சந்தித்தவர் ஃபேன்னி ரிட்டர். அவரும் சுவிட்சர்லாந்துக்காரர்தான், 1869-ல் சூரிக்கில் பிறந்தவர். 1893-ன் கடைசி நாட்களில் இருவருக்கும் திருமணம் நடந்தது. மணமகனுக்கு ஐம்பத்து மூன்று வயது. மணமகள் இருபதுகளின் நடுவில் இருந்தார். அடுத்த ஆண்டே இருவரும் பொலிவியாவுக்குப் புறப்பட்டார்கள். புதுமணத் தம்பதி போன ஊர், மூச்சு முட்டும் உயரத்தில் இருந்தது.

டிட்டிகாக்கா கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். தொட்டபெட்டாவின் உச்சியில் நின்று, தலைக்கு மேலே இன்னும் ஒரு கிலோமீட்டர் தாண்டி ஒரு கடல் அலையடிப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கடல் என்பது மிகையல்ல. பரப்பு 8,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். கன்னியாகுமரி மாவட்டம் போல ஏறக்குறைய ஐந்தை உள்ளே வைக்கலாம். நீளம் 190 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 280 மீட்டர். மேற்கே பெரு, கிழக்கே பொலிவியா. சுற்றிலும் உள்ள ஆறுகள் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. வெளியே போவது தேசாகுவாதேரோ என்ற ஒரே ஆறு. வந்த நீரில் பத்தில் ஒன்பது பங்கு வெயிலுக்கும் காற்றுக்கும் ஆவியாகப் போய்விடுகிறது.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. தண்ணீர் ஏறக்குறைய 87 பாகையிலேயே கொதித்துவிடும். கொதித்துக்கொண்டே இருக்கும், பருப்பு வேகாது. கீழேயிருந்து போகிறவர்களுக்குத் தலை பாரமாகும், படிக்கட்டில் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், ராத்திரி தூக்கம் வராது. இதற்கு அங்கே சொரோச்சே என்று பெயர். கொக்கா இலையை வெந்நீரில் போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள். முன்யா என்று ஒரு மூலிகை உண்டு, அதைக் கசக்கி முகரச் சொல்வார்கள். வந்த முதல் நாள் ஓட வேண்டாம், வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லும் புத்திமதியும் உண்டு.

அந்தக் காலத்தில் பெருவின் கடற்கரையிலிருந்து அங்கே போக ரயில் வந்திருந்தது. மோயெந்தோ துறைமுகத்தில் ஏறினால் 4,400 மீட்டருக்கும் மேலே ஒரு கணவாயைக் கடந்து, ஏரிக்கரையில் இருக்கும் பூனோ நகரத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நீராவிக் கப்பல். மலை உச்சி ஏரியில் கப்பல் எப்படி வந்தது? அதைச் சொல்லாமல் இந்த ஏரியைப் பற்றிப் பேச முடியாது. பெரு அரசு 1860-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இரண்டு இரும்புக் கப்பல்களைச் செய்யச் சொன்னது. யாவாரி, யாபுரா என்பவை அவற்றின் பெயர்கள். ஒவ்வொரு கப்பலையும் ஆயிரக்கணக்கான துண்டுகளாகக் கழற்றி, தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிக் கடல்வழியே கொண்டுவந்து இறக்கி, அதன்பின் கோவேறு கழுதைகளின் முதுகிலும் ஆட்களின் தோளிலும் மலைமேல் ஏற்றினார்கள். ஒரு கழுதை சுமக்கும் எடைக்கு மேல் எந்தத் துண்டும் இருக்கக் கூடாது என்பது கணக்கு. இடையில் போர், கலகம். ஆண்டுகள் ஓடின. 1870 கிறிஸ்துமஸ் அன்றுதான் யாவாரி தண்ணீரில் இறங்கியது. மலைமேல் நிலக்கரி இல்லை, விறகுக்கு மரமும் இல்லை. யாமா என்ற மலை விலங்கின் காய்ந்த சாணத்தைப் போட்டுத்தான் கொதிகலனை எரித்தார்கள். நம் வீடுகளில் வரட்டி எரிந்ததுபோல அங்கே கப்பலே சாணத்தில் ஓடியது.

பாண்டெலியர் தம்பதி 1894-ல் முதலில் தியவனாக்கோ என்ற இடத்தின் கல் இடிபாடுகளைப் பார்த்தார்கள். அந்த ஆண்டின் கடைசியில் டிட்டிகாக்கா தீவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏரிக்குப் பெயர் கொடுத்ததே அந்தத் தீவுதான். இப்போது எல்லோரும் சூரியத் தீவு என்கிறார்கள். 1895-ன் முதல் மாதங்கள் முழுக்க அங்கேதான் இருந்தார்கள். தங்கியது சல்லா என்ற இடத்தில், ஒரு பண்ணையில்.

அந்த மாதங்கள் அங்கே மழைக்காலம். இன்றைய சுற்றுலாப் பயணிகள் ஜூன், ஜூலையில் போகிறார்கள். வானம் தெளிவாக இருக்கும், கிழக்கே பனிமலைகள் வரிசையாகத் தெரியும். மழைக்காலம் வேறு கதை. காலையில் வெயில் தோலைச் சுடும். மதியம் மேகம் இறங்கி ஆலங்கட்டி மழை கொட்டும். மரமே இல்லாத மேட்டில் இடி விழும். அந்த மழைச் சேற்றில்தான் அவர்கள் அளவு நூல் பிடித்தார்கள், சுவர்களின் நீள அகலம் எடுத்தார்கள், கல்லறைகளைத் தோண்டினார்கள், கிடைத்த பானையையும் எலும்பையும் செம்பு ஊசியையும் குறித்துக்கொண்டு பெட்டியில் அடுக்கினார்கள். பிறகு கோவாத்திக்கும் போனார்கள். அதைத்தான் இப்போது நிலாத் தீவு என்கிறோம். சேர்த்த பொருள்கள் எல்லாம் நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. தீவுக்காரர்களின் முன்னோர் மண்ணுக்குள் வைத்தவை இன்றும் அங்கேதான் இருக்கின்றன. இது நெருடலான உண்மை, சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் பார்க்கப் போனது என்ன? சூரியத் தீவின் வடமுனையில் ஒரு மணற்பாறை இருக்கிறது. பெயர் டீட்டி கலா. அங்குள்ள மக்கள் பேசும் அய்மாரா மொழியில் டீட்டி என்றால் மலைக் காட்டுப் பூனை, கலா என்றால் கல். நேரில் பார்த்தால் சாதாரணப் பாறைதான். செம்மை கலந்த, மழை தின்ற, நெட்டுக்குத்தான ஒரு கல் முகடு. ஆனால் சூரியன் முதன்முதலில் எழுந்தது அந்தப் பாறையிலிருந்துதான் என்பது இன்காக்களின் நம்பிக்கை. பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த ஏரி இன்காக்களின் கைக்கு வந்ததும், தீவையே தங்கள் பேரரசின் பெரிய புண்ணியத் தலமாக்கினார்கள். பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானியப் பாதிரியார்கள் எழுதி வைத்த குறிப்புகளின்படி, பாறையின் ஒரு பக்கத்தை நேர்த்தியான துணியாலும் இன்னொரு பக்கத்தைத் தங்கத் தகட்டாலும் மூடியிருந்தார்கள். அங்கே போகும் வழியில் மூன்று வாசல்கள். ஒன்று பூமாவின் வாசல், ஒன்று ஓசனிச்சிட்டின் வாசல், ஒன்று பில்கோ என்ற பறவையின் வாசல். ஒவ்வொரு வாசலிலும் பூசாரியிடம் செய்த தவறைச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். வந்த யாத்ரீகர்களில் பெரும்பாலோர் கடைசி வாசலிலேயே காணிக்கையைக் கொடுத்துவிட்டு, பாறையை எட்ட நின்று கும்பிட்டுத் திரும்பினார்கள்.

நிலாத் தீவு அங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரம். அங்கே இன்யாக் உயு என்ற கட்டடம். பெண்களின் முற்றம் என்று பொருள் சொல்வார்கள். நிலவுக்குப் பூசை செய்த பெண்கள் வாழ்ந்த இடம் அது. சூரியனுக்கு அந்தத் தீவு, அவன் மனைவி நிலவுக்கு இந்தத் தீவு. இரண்டுக்கும் இடையே கோரைப் படகுகளில் தூது போய்க்கொண்டே இருந்ததாக அதே பாதிரியார்கள் எழுதுகிறார்கள். நிலவின் இடத்தில் நின்ற பூசாரிப் பெண், சூரியனின் இடத்தில் நின்ற பூசாரியிடம் 'பயிருக்குத் தவறாமல் வெயில் கொடு' என்று வேண்டுவாளாம். அவர் பதில் சொல்வாராம். இருவரும் சோளக் கள்ளைக் கிண்ணத்தில் மாற்றிக்கொள்வார்களாம். ஒரு கடவுள் தம்பதியின் பேச்சுவார்த்தையை எட்டுக் கிலோமீட்டர் தண்ணீருக்குக் குறுக்கே நடத்தியிருக்கிறார்கள்.

அவையோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஏரியில் எதுவும் தனியாக இல்லை. இன்கா வம்சத்தின் முதல் இருவர், மான்கோ காப்பாக்கும் மாமா ஓக்யோவும், இந்த ஏரியிலிருந்துதான் புறப்பட்டதாக இன்கா கார்சிலாசோ என்ற வரலாற்றாசிரியர் 1609-ல் எழுதினார். சூரியன் அவர்கள் கையில் ஒரு பொன் கோலைக் கொடுத்து, அது எங்கே மண்ணுக்குள் முழுசாக இறங்குகிறதோ அங்கே ஊரை அமையுங்கள் என்று அனுப்பினானாம். ஆண்களுக்கு உழவு கற்றுக் கொடுத்தது மான்கோ காப்பாக். பெண்களுக்கு நெசவு கற்றுக் கொடுத்தது மாமா ஓக்யோ. பெரு பக்கம் அமந்தானி என்ற தீவுக்குப் போனால் இரண்டு குன்றுகள். ஒன்று பாச்சாதாத்தா, பூமித் தந்தை. மற்றது பாச்சாமாமா, பூமித் தாய். ஒவ்வொரு ஜனவரியிலும் ஊர் இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு குன்றில் ஏறி விழா எடுக்கிறது.

கடவுளும் மலையும் மட்டும் அப்படி என்றால் அதை ஒரு புராணச் சுவை என்று விட்டுவிடலாம். ஊர் நிர்வாகமே அப்படித்தான் இருக்கிறது. அய்மாராவில் சாச்சா என்றால் ஆண், வார்மி என்றால் பெண். இரண்டையும் ஒட்டி சாச்சாவார்மி என்று ஒரே சொல்லாகச் சொல்வார்கள். ஊர்த் தலைமை முறைவைத்து வரும்போது அது ஓர் ஆளுக்கு வருவதில்லை, ஒரு தம்பதிக்கு வருகிறது. அவர் மால்க்கு, அவர் மனைவி மாமா தாயா. பதவிக்குரிய உடையை இருவரும் உடுத்த வேண்டும். கூட்டத்தில் இருவரும் உட்கார வேண்டும். திருமணம் செய்துகொள்வதற்கு அய்மாராவில் ஹாக்கிச்சாசின்யா என்று ஒரு சொல் இருக்கிறது. 'ஹாக்கி' என்றால் மனிதர். ஆக, மனிதராவது என்று பொருள். கல்யாணம் ஆனபின்தான் ஒருவர் ஊர்க் கணக்கில் முழு ஆள்.

நடைமுறையில் எல்லா வீட்டிலும் பெண்ணின் சொல் சமமாக ஏறுகிறது என்று யாரும் சொல்லவில்லை. அய்மாராப் பெண்களே அதைக் கேள்வி கேட்கிறார்கள். இருக்கையில் இருவர் உட்கார்ந்தாலும் வாய் திறப்பது ஒருவர்தான் என்று குறைபடுகிறார்கள். அந்தக் குறை நியாயமானது. ஆனாலும், பெயரளவிலாவது இரண்டு பேரையும் சேர்த்தே எழுத வேண்டும் என்ற வழக்கம் அந்தக் கரையில் உண்டு. ஃபேன்னி அந்த மண்ணில் மழைக்காலம் முழுக்க வேலை செய்தார். முகப்புப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. மனைவி நூலுக்கு உள்ளே வருகிறார், வெளியே இல்லை.

இன்று பூனோவில் இறங்குகிற எந்தத் தம்பதியும் போகிற வழி ஒன்று உண்டு. முதலில் ஊரோஸ் மிதக்கும் தீவுகள், பிறகு அமந்தானியில் ஒரு வீட்டில் ஓர் இரவு, மறுநாள் தாக்கிலே. பொலிவியா பக்கம் போனால் கோபகபானா, அங்கிருந்து படகில் சூரியத் தீவு. அந்த வழியில் இரண்டு இடங்களில் நின்று பார்க்க வேண்டும்.

முதலாவது ஊரோஸ். பூனோவிலிருந்து படகில் கொஞ்ச நேரம்தான். ஏரியின் ஓரத்தில் டோட்டோரா என்ற கோரை காடாக வளர்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும்போது அந்தக் கோரையின் வேர்க்கட்டு அடியோடு பெயர்ந்து மிதக்கும். பழுப்பு நிறம், ஊறிய தேங்காய் மட்டை போல இருக்கும்; இதற்குக் கீலி என்று பெயர். அதை நீள ரம்பத்தால் பெரிய பெரிய பாளமாக அறுத்து, படகில் கட்டி இழுத்து வருவார்கள். பாளத்தின் நடுவில் தைல மரக் கழியை அடித்து, கழிக்குக் கழி கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்கள். நாளாவட்டத்தில் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதன்மேல் அறுத்த கோரையைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புவார்கள். காலை வைத்தால் வைக்கோல் போரில் நடப்பது போல உள்ளே அழுந்தும். அடியில் இருப்பது அழுகிக்கொண்டே போகும், மேலே புதிது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் அடிக்கடி. நாலா பக்கமும் நங்கூரம். இல்லாவிட்டால் ராத்திரி காற்றில் தீவு பொலிவியாவுக்குப் போய்விடும் என்று அவர்களே சொல்வார்கள். வீடு, படகு, படுக்கை எல்லாம் அதே கோரை. வெள்ளையான அடித்தண்டை உரித்துத் தின்னவும் செய்யலாம். காய்ந்த கோரையில் நெருப்புப் பட்டால் தீவே போய்விடும், அதனால் அடுப்பைக் கல்லின் மேல்தான் வைப்பார்கள். குடும்பங்களுக்குள் தீராத சண்டை வந்தால் அதே ரம்பத்தை எடுத்துத் தீவை இரண்டாக அறுத்து, ஆளுக்கொரு பக்கம் மிதந்து போவதும் உண்டு.

இந்த மிதக்கும் தீவுகளில் வாழும் ஊரு மக்களின் சொந்த மொழி இந்த ஏரியில் பேச்சிலிருந்து போய்விட்டது. இப்போது அவர்கள் அய்மாரா பேசுகிறார்கள். ஒரு காலத்தில் ஆழமான இடத்துக்கு விலகி வாழ்ந்தவர்கள், 1980-களின் பெருவெள்ளத்துக்குப் பிறகு தீவுகளைப் பூனோவுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து சுற்றுலாதான் வருமானம். வருகிறவர்களில் சிலர், இது காட்சிக்காக வைத்தது என்று முகம் சுளிக்கிறார்கள். அது சரியல்ல. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தரையையே புதிதாகப் போட்டு வாழ்கிறவர்களின் உழைப்பு காட்சிப் பொருள் ஆகிவிடாது.

இரண்டாவது தாக்கிலே. இங்கே பேசுவது கெச்சுவா. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அரசியல் கைதிகளை அடைக்கும் இடமாக இருந்த தீவு. நிலம் பண்ணையார்களின் கையில் இருந்தது. தீவுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து நிலத்தை விலைக்கு வாங்கினார்கள். 1970-களில் சுற்றுலா வந்தபோது படகையும் வீட்டுத் தங்கலையும் ஊர்ப் பொதுவில் நடத்தினார்கள். அவர்களுடைய நெசவுக் கலையை யுனெஸ்கோ 2005-ல் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. இங்கே குல்லாய் பின்னுவது ஆண்கள். பொடியன்கள்கூட நடந்துகொண்டே ஊசியை ஓட்டுவார்கள். கல்யாணமானவரின் குல்லாய் முழுச் சிவப்பு, ஆகாதவருடையது மேற்பாதி வெள்ளை. பின்னல் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்க, வருங்கால மாமனார் குல்லாயில் தண்ணீரை ஊற்றிச் சோதிப்பார் என்று சொல்வார்கள்.

பெண்கள் நெய்வது அகலமான இடுப்புக் கச்சை. சும்பி என்று பெயர். அதில் மாதத்துக்கு ஒரு கட்டமாக விதைப்பும் அறுப்பும் விழாவும் குறிகளாக வரும், ஒரு பஞ்சாங்கம்போல. திருமணத்துக்கு நெய்யும் கச்சையில் மணமகள் தன் கூந்தல் இழைகளையும் உள்பக்கத்தில் சேர்த்து நெய்து கணவனுக்குக் கொடுக்கிறாள். மேல்பக்கம் சிவப்பும் நீலமுமாகக் குறிகள்; திருப்பினால் கரிய முடி. மூட்டை தூக்கும்போது அவன் முதுகைத் தாங்குவது அந்தக் கச்சைதான்.

பாண்டெலியரின் நூலுக்குத் திரும்புவோம். அதில் ஒரு பெரிய குறை உண்டு. அய்மாரா மக்களைப் பற்றி அவர் எழுதியது கடுமையானது. சந்தேகப் பிராணிகள், மனம் திறக்காதவர்கள், பகை பாராட்டுபவர்கள் என்ற தொனி நூல் முழுக்க ஓடுகிறது. அவர்கள் ஏன் அப்படி இருந்தார்கள் என்று கேட்டால் விடை பக்கத்திலேயே இருந்தது. தம்பதி தங்கியதே பண்ணை வீட்டில். தீவுக்காரர்கள் அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவர்கள். தங்கள் முன்னோரின் மண்ணிலேயே கூலியில்லாமல் முறைவைத்து உழைக்க வேண்டியவர்கள். பண்ணையின் விருந்தாளியாக வந்து, தாத்தன் பாட்டனின் கல்லறையைத் தோண்டுகிறவரிடம் யார் மனம் திறப்பார்கள்? தோண்டும் முன் மலைகளில் வாழும் முன்னோரான அச்சாச்சிலாக்களுக்குக் கொக்கா இலையும் யாமாக் கொழுப்பும் படைத்துப் பூசை செய்ய வேண்டியிருந்தது. பாண்டெலியர் அதைக் கவனமாகக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்புக்காக அவருக்கு நன்றி சொல்லலாம், அந்த மக்களைப் பற்றிய தீர்ப்புக்காகச் சொல்ல முடியாது. பொலிவியாவில் பண்ணை அடிமை முறை ஒழிய 1952-ன் புரட்சி வர வேண்டியிருந்தது. 1953 ஆகஸ்டில் நிலச் சீர்திருத்தம் வந்து, தீவு தீவுக்காரர்கள் கைக்குத் திரும்பியது.

1990-களில் பிரையன் பாவர், சார்ல்ஸ் ஸ்டானிஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதே தீவுகளை மறுபடியும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார்கள். 2001-ல் வந்த அவர்களுடைய நூலில் பாண்டெலியர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. சூரியத் தீவின் பக்கத்தில் கோவா என்ற நீர்மூழ்கிய பாறைத்திட்டில் 2013-ல் இறங்கிய ஆய்வாளர்கள், இன்காக்களுக்கு ஐந்நூறு ஆண்டு முந்திய காணிக்கைகளை எடுத்தார்கள்: பூமா வடிவத் தூபக்கலம், தங்கத் தகடு, வெகுதூரக் கடலிலிருந்து வந்த சிவப்புச் சிப்பி, பலி கொடுத்த யாமாக் குட்டிகளின் எலும்பு. டீட்டி கலாவை இன்காக்கள் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே புண்ணியமாக இருந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த ஏரி இன்று நலமாக இல்லை. பெரு பக்கம் ஹுலியாகா நகரத்தின் கழிவு, பொலிவியா பக்கம் எல் ஆல்தோ நகரத்தின் கழிவு. இந்த ஏரிப் பகுதியைத் தவிர வேறெங்கும் இல்லாத பெரிய தவளை ஒன்று இங்கே உண்டு; தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கும், தண்ணீருக்குள்ளேயே தோலால் மூச்சு விடும். 2016-ல் ஏரியில் சேரும் கொவாத்தா ஆற்றில் அவை ஆயிரக்கணக்கில் செத்து ஒதுங்கின. 2023-ன் வறட்சியில் நீர்மட்டம் பல ஆண்டுகளில் காணாத அளவுக்குத் தாழ்ந்தது. ஊரோஸ் பக்கம் படகுகள் சேற்றில் தரைதட்டி நின்றன. தேசாகுவாதேரோ போய்ச் சேரும் போபோ ஏரி 2015-லேயே வற்றிவிட்டது. இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் வீட்டு உருளைக்கிழங்குக்குத் தாய்வீடு இந்த ஏரியை ஒட்டிய மலைகள்தான். அங்கே இன்னும் கிழங்கை ராத்திரிப் பனியில் உறைய வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்து, வெயிலில் உலர்த்தி, சூன்யோ என்று ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கிறார்கள். ஊட்டிக் கிழங்கை உண்கிற நமக்கும் அந்த ஏரியோடு அந்த அளவுக்கு உறவு உண்டு.

கடைசியாக, ஃபேன்னி.

தம்பதி 1903-ல் நியூயார்க் வந்து சேர்ந்தார்கள். கணவருக்குக் கண்ணில் புரை விழுந்து சில ஆண்டுகள் பார்வை ஏறக்குறைய இல்லாமலே போனது. அது இந்த நூல் வெளிவருவதற்கு முந்தைய ஆண்டுகள். அப்போது பழைய ஸ்பானிய ஏடுகளை அவருக்குப் படித்துக் காட்டியவர், அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் ஃபேன்னி. இதற்கிடையில் 1905-ல், கபேசா தே வாகா என்ற பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியரின் பயணக் கதையைத் தானே ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். கணவர் செய்தது முன்னுரையும் பதிப்பும்தான்.

பார்வை தேறிய பின் இருவரும் மறுபடியும் புறப்பட்டார்கள். முதலில் மெக்சிகோவின் ஆவணக் காப்பகங்கள், பிறகு ஸ்பெயின். நியூ மெக்சிகோவின் பழைய வரலாற்றுக்கான கடிதங்களையும் ஆணைகளையும் தேடி எடுத்து, கையால் படியெடுக்கும் வேலை. 1914 மார்ச்சில் அடால்ஃப் பாண்டெலியர் செவியா நகரத்தில் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து நியூ மெக்சிகோவில் ஒரு தேசிய நினைவிடத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஃபேன்னி செவியாவிலேயே தங்கினார். தெரியாத ஊர், ஐரோப்பாவில் போர் மூண்ட நேரம். பாதியில் நின்ற படியெடுப்பைத் தொடர்ந்து செய்தார். பிற்காலத்தில் அமெரிக்காவின் நாஷ்வில்லில், கறுப்பின மாணவர்களுக்காக எழுந்த ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். பழைய மெக்சிகோ மக்களைப் பற்றி சஹாகூன் என்ற துறவி எழுதிய பெருநூலின் ஒரு பகுதியை மொழிபெயர்த்து 1932-ல் வெளியிட்டார். 1936-ல் இறந்தார்.

செவியாவிலும் மெக்சிகோவிலும் சேர்த்த ஆவணங்கள் மூன்று தொகுதிகளாக வாஷிங்டனில் அச்சாயின. முதல் தொகுதி 1923-ல், கடைசித் தொகுதி ஃபேன்னி இறந்த மறு ஆண்டு, 1937-ல். தொகுத்தவர்கள் என்று அதன் முகப்பில் அச்சாகியிருப்பது: அடால்ஃப் பாண்டெலியர், ஃபேன்னி பாண்டெலியர்.